எண்ணெய் ஊட்டிய மரமும் அதன்மேல் பெயிண்டும்

"எண்ணெய் பட்ட மரத்துல பெயிண்ட் நிக்காது." கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை ஹார்டுவேர் கடைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். பாதி உண்மை. எந்த எண்ணெய், பூசி எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டையும் கேட்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. காய்ந்து இறுகிய எண்ணெயின்மேல் பெயிண்ட் நன்றாகப் பிடித்து நிற்கும். காயாத எண்ணெயின்மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் நிற்காது. இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

தங்கவயலின் ஊரிகத்துப் பழைய கதவுகளே இதற்குச் சாட்சி. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் ஊரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் சுரங்கங்களைச் சுற்றி அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் தொழிலாளிகளுக்கு லைன் வீடுகளும் எழுந்தன. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் பாதையும் வந்தது. அந்தக் காலத்தில் மரத்துக்கு அடித்த பெயிண்ட் இன்று டப்பாவில் வரும் எனாமல் அல்ல. ஆளிவிதை எண்ணெயில் ஈயவெள்ளையையும் நிறப்பொடியையும் குழைத்ததுதான் பெயிண்ட். முதல் கோட்டில் எண்ணெயைத் தாராளமாக விடுவார்கள். அதை மரம் குடித்துக் காய்ந்த பிறகு அடுத்த கோட். அதாவது எண்ணெயின்மேல் பெயிண்ட் அடிப்பதுதான் பழைய முறையே. பிற்பாடு வந்த எனாமலும் எண்ணெயைப் பிசினாக மாற்றிச் செய்ததுதான். உறவுக்காரர்கள் என்பதால்தான் இரண்டும் ஒட்டுகின்றன.

சுரங்கம் ஓடிய காலத்தில் வீடுகள் கம்பெனியுடையவை. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு கதவு, ஜன்னல், வராந்தா மரச்சட்டம் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது குடியிருப்பவர் பாடு என்று ஆகிவிட்டது. ஆளை வைத்துச் செய்ய எல்லோருக்கும் வசதிப்படாது. அப்படித் தாங்களே பிரஷ்ஷைக் கையில் எடுப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த எண்ணெய்?

எண்ணெய் "காய்கிறது" என்று சொல்கிறோம். தண்ணீர் காய்ந்தால் ஆவியாகிப் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் எங்கும் போவதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. காய்ந்த எண்ணெயின் எடை பூசியபோது இருந்ததைவிடக் கூடவே இருக்கும். இந்தக் குணம் எல்லா எண்ணெய்க்கும் கிடையாது. எதற்கு உண்டு என்பதைக் காட்ட வேதியியலில் அயோடின் எண் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி, விளக்கெண்ணெய்க்கு 85-ஐ ஒட்டி, கடலை எண்ணெய்க்கு 90-ஐ ஒட்டி, நல்லெண்ணெய்க்கு 110-ஐ ஒட்டி இருக்கும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். 130-க்கு மேல் போனால்தான் மரத்தில் இறுகும் எண்ணெய் என்று கணக்கு. சமையலறையிலும் பூஜை அலமாரியிலும் இருக்கும் இந்த எண்ணெய் எதுவும் மர வேலைக்கு ஆகாது என்பதற்கு இதுதான் காரணம். வேப்பெண்ணெய் பூச்சிக்கு நல்லது என்று கதவில் தடவுகிறவர்கள் உண்டு. அதுவும் காயாது. பின்னால் பெயிண்ட் அடிக்க நினைத்திருந்தால் அந்த மரத்தில் வேப்பெண்ணெய் வேண்டாம்.

கடையில் ஆளிவிதை எண்ணெயை லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். வட கர்நாடகத்தில் விளைவதால் கன்னடக்காரர் கடையில் அகசே எண்ணெய் என்றாலும் தெரியும். இரண்டு வகை உண்டு. பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், குளிர்காலத்தில் ஒரு மாதமும் ஆகலாம். "டபுள் பாயில்டு" என்று விற்பது ஒன்று முதல் மூன்று நாளில் காயும். அதில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். அவைதான் காய்வதை விரைவாக்குகின்றன. வீட்டு வேலைக்கு டபுள் பாயில்டையே வாங்குங்கள். ஆனால் சப்பாத்திப் பலகை, அரிவாள்மனைப் பலகை போன்ற சாப்பாடு படும் மரத்துக்கு அதைத் தொடவே கூடாது. டீக் ஆயில், டேனிஷ் ஆயில் என்று பாட்டிலில் வருபவை பெரும்பாலும் எண்ணெயும் வார்னிஷும் தின்னரும் சேர்ந்த கலவை. அவையும் காயும், அவற்றின்மேலும் பெயிண்ட் அடிக்கலாம்.

மரத்துக்கு எண்ணெய் ஊட்டுவது

வெயில் நேராக விழாத இடத்துக்கு எண்ணெய் மட்டுமே போதும். உள் கதவு, அலமாரி, வராந்தாவின் உட்பக்கச் சட்டம், நாற்காலி எல்லாம் இதில் சேரும். தேக்கோ வேங்கையோ நல்ல ரேகையோடு இருந்தால் அதைப் பெயிண்டால் மூடுவது பாவம் என்பது என் கருத்து. மேற்கு, தெற்குப் பார்த்த வெளிக்கதவு விஷயம் வேறு. ஊரிகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், திறந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. சாய்வெயிலும் அதைத் தொடர்ந்து வரும் சாரலும் எண்ணெயை ஒரு வருடத்துக்குள் வெளுக்க வைத்துவிடும். அங்கே எண்ணெய் ஊட்டி, அதன்மேல் பெயிண்டும் அடிப்பதே சரி.

மரத்தை 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180-இல் முடியுங்கள், ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். சயனைடு டம்ப் என்று ஊரில் சொல்லும் அந்த மண்குன்றுகள் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய பாறைப்பொடி. ஆடிக் காற்றில் அது பறந்து வந்து கதவுச் சட்டத்தின் இடுக்குகளில் எல்லாம் படிந்திருக்கும். பாறைப்பொடி என்பதால் உப்புத்தாளுக்கு அடியில் அகப்பட்டால் மரத்தில் கீறல் விழும். ஈரமான எண்ணெயில் படிந்தால் பிறகு எடுக்கவே முடியாது. காற்றுக் காலத்தில் எண்ணெய் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். மார்கழி, தைக் குளிரில் எண்ணெய் காய நாளாகும். மாசி முதல் சித்திரை வரையான மாதங்கள்தான் இந்த ஊரில் இதற்கு ஏற்றவை.

முதல் கோட்டுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சமபங்கு. நீர்த்துப் போவதால் ஆழமாக இறங்கும். இரண்டாவது கோட்டுக்கு எண்ணெய் இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. மூன்றாவது கோட் வெறும் எண்ணெய், துணியால் மெல்லிசாக. டர்பன்டைனுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் இருக்கிறது. மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், மரத்தில் பிசுக்கை விட்டுச்செல்லும், காய்வதைத் தள்ளிப்போடும். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஓர் ஒற்றைக் கதவுக்கும் அதன் நிலைக்கும் மூன்று கோட்டுக்கு அரை லிட்டர் எண்ணெய் தாராளமாகப் போதும்.

இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், மிச்சத்தைத் துடைக்காமல் விடுவதில். பூசி 20, 30 நிமிடம் மரம் குடிக்கட்டும். பிறகு மேலே நிற்கும் எண்ணெய் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிட வேண்டும். தொட்டால் கையில் எண்ணெய் தெரியக்கூடாது. "நிறைய இருந்தால் நிறையப் பாதுகாப்பு" என்று விட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் பிசினாகவே நிற்கும். அந்தப் பிசின் மாதக்கணக்கில் தூசியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஊரிகத்தில் பலர் காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள். வீட்டு வேலைக்கு ஞாயிறுதான் கிடைக்கும். எண்ணெய் வேலைக்கு அது தோதானது. ஒரு ஞாயிறு ஒரு கோட் என்று வைத்துக்கொண்டால் இடையில் கிடைக்கும் ஆறு நாளில் எண்ணெய் நன்றாகக் காயும். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று கோட் அடிப்பவரைவிட உங்கள் கதவு நன்றாக வரும்.

இரண்டு மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேக்கில் அதற்கே உரிய எண்ணெய் இருக்கிறது. மேலே பூசும் எண்ணெயைக் காய விடாமல் அது தடுக்கும். பூசுவதற்கு முன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, தின்னர் பறந்த உடனே முதல் கோட்டைக் கொடுத்துவிடுங்கள். ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், இன்னும் பிடிவாதமானது. பழைய பங்களா மேசையோ அலமாரியோ ஈட்டியில் இருந்தால் எண்ணெயை விட்டுவிட்டு அரக்குப் பாலிஷுக்குப் போவதே நல்லது.

கடைசியாக, வெளிக்கதவின் அடிவிளிம்பு. மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் அறுத்த முனை வழியாகத்தான். கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டு, அடிவிளிம்பில் சமபங்கு கலவையைக் குடிக்கும் மட்டும் பிரஷ்ஷால் ஊட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிடும். மறுபடி ஊட்டுங்கள். உறிஞ்சாமல் மேலே நிற்கத் தொடங்கியதும் துடைத்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். அதற்குமேல் அடிக்கும் பெயிண்ட் மழைத்தண்ணீர் தெறிக்கும் அந்த இடத்திலும் உப்பிப் பெயராது. கீழ்ப்பகுதி அழுகிப்போன கதவுகளைப் பாருங்கள், அடிவிளிம்பில் பெயிண்டே பட்டிருக்காது.

எண்ணெய்த் துணி

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும். கதவில் மெல்லிசாகப் பரவியிருக்கும்போது அந்தச் சூடு காற்றில் போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் யாரும் நெருப்பு வைக்காமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற உயர்ந்த கட்டிடத்தில் 1991 பிப்ரவரி 23-இல் நடந்தது இதுதான். மரப்பலகைகளைப் புதுப்பிக்கப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை 22-ஆம் மாடியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே பிடித்த தீ 30-ஆம் மாடி வரை ஏறியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

லைன் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து வரிசையாக இருப்பவை. ஒரு வீட்டில் பிடித்தால் அது அந்த வீட்டோடு நிற்காது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணிகளைத் தண்ணீரில் நன்றாக முக்கி, மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள். அல்லது வெளியே, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். எண்ணெய்க் கோட்டைத் தேய்த்த மரத்தூளுக்கும் இதே விதிதான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

காய்ந்ததா என்று பார்ப்பது

நாள் கணக்கை மட்டும் நம்ப முடியாது. மூக்கை வைத்துப் பாருங்கள், எண்ணெய் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. வெள்ளைத் துணியை டர்பன்டைனில் லேசாக நனைத்து ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள், துணி மஞ்சளானால் காயவில்லை. இவை இரண்டையும்விட நம்பகமானது உப்புத்தாள். 180 நம்பர் தாளால் ஓர் ஓரத்தில் ஏழெட்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பாருங்கள். வெளிறிய பொடி விழுந்து தாள் சுத்தமாக இருந்தால் எண்ணெய் இறுகிவிட்டது. தாளில் பழுப்பாகச் சிறு உருண்டைகள் அப்பிக்கொண்டு, தட்டினாலும் உதிராமல் இருந்தால் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அந்த நிலையில் பெயிண்ட் அடித்தால் மேலே இருக்கும் கோட் காய்ந்து சுருங்கும், அடியில் எண்ணெய் நெகிழும், பெயிண்ட் தோல்போல் சுருக்கம் விழுந்து நிற்கும்.

டபுள் பாயில்டு எண்ணெயை மெல்லிசாகப் பூசியிருந்தால் கோடையில் இரண்டு வாரம் பொறுத்தால் போதும். பச்சை எண்ணெயாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மேல். மிச்சம் துடைக்காமல் விட்டுப் பிசுபிசுப்பாக நிற்கும் கதவுக்குக் காத்திருப்பது வீண். டர்பன்டைனும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து அந்தப் பிசினை எடுத்துவிட்டு, ஒரு வாரம் காய விட்டு, மறுபடி உப்புத்தாள் சோதனை செய்யுங்கள்.

வாங்கிய பழைய கதவு எண்ணெய் பூசியதா, அரக்குப் பாலிஷா, வார்னிஷா என்று தெரியாதபோது கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பாலிஷ் ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். ஒரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல், தோல்போல் படலமும் இல்லாமல், ரேகையின் குழிகள் விரலுக்குத் தட்டுப்பட்டால் அது எண்ணெய்.

பெயிண்ட் அடிக்கும் வரிசை

காய்ந்த எண்ணெய்க் கதவைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். டர்பன்டைன் துணியால் ஒரு முறை துடையுங்கள். 150 அல்லது 180 நம்பர் தாளால் பளபளப்புப் போகும் வரை மட்டும் தேயுங்கள். மரம் வெளியே தெரியும்வரை தேய்க்கத் தேவையில்லை, உள்ளே இறங்கிய எண்ணெய் அங்கேயே இருக்கட்டும்.

அடுத்தது வுட் பிரைமர், எண்ணெய் வகை. பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, மெல்லிய ஒரு கோட். ஓர் இரவு காயட்டும். பிரைமர் காய்ந்த பிறகுதான் ஆணிக்குழிக்கும் வெடிப்புக்கும் லப்பம் வைக்க வேண்டும். வெறும் மரத்தில் வைத்த லப்பத்தின் எண்ணெயை மரம் குடித்துவிடும், லப்பம் உதிரும். பெயிண்டர்களே அவசரத்தில் செய்யும் பிழை இது. லப்பம் காய்ந்து தேய்த்த பிறகு அந்த இடங்களுக்கு மறுபடி பிரைமர் தொட்டு, எனாமல் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஓர் இரவு. எனாமலிலும் அதே தூசிப் பிரச்சினை உண்டு என்பதால் காற்று எழும் பிற்பகலுக்கு முன், காலையிலேயே அடித்து முடிப்பது நல்லது.

இப்போது வாசனை இல்லாத, தண்ணீரில் கரையும் பெயிண்ட் பலருக்குப் பிடிக்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் சிறு வீட்டில் அது நியாயமான விருப்பம். ஆனால் எண்ணெய் ஊட்டிய மரத்தில் அதை நேரடியாக அடிக்காதீர்கள். பெயிண்டில் இருக்கும் தண்ணீர் எண்ணெய்ப் பரப்பில் பரவாமல் ஒதுங்கும், புள்ளி புள்ளியாகக் குழி விழும். அடித்த அன்று சரியாகத் தெரிந்தாலும் நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வரும். எண்ணெய் வகை பிரைமரை முதலில் அடித்து, மூன்று நாள் விட்டு, லேசாகத் தேய்த்து, அதன்மேல் தண்ணீர் பெயிண்டை அடித்தால் நிற்கும்.

எண்ணெய் காய்ந்ததா என்று சந்தேகம் முழுதாகத் தீராதபோது இடையில் ஒரு தடுப்புப் போடலாம். அதற்கு நம் நாட்டு அரக்கைவிட நல்லது கிடையாது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் மரக்கிளையில் பூச்சி சுரக்கும் அரக்கிலிருந்துதான் ஷெல்லாக் செதில் வருகிறது. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை 1924-இல் தொடங்கினார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் செதிலைப் போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் கரையும். அசையாமல் ஓரிரு நாள் வைத்தால் மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் வேறு பாட்டிலுக்கு ஊற்றி, அதை இரண்டு கோட் அடியுங்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடியிலிருக்கும் எண்ணெயையும் மேலே வரும் பிரைமரையும் இந்த மெல்லிய படலம் பிரித்து வைக்கும். பெயிண்டில் பழைய கறை ஊறி மேலே வருவதையும் தடுக்கும். ஆனால் நேற்றுப் பூசிய பச்சை எண்ணெயை அரக்கால் மூடித் தப்பிக்க முடியாது.

பழைய பெயிண்டின் அடியில் ஈயம்

நூறு வருடப் பழசான கதவை உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள். முன்பே சொன்னபடி அந்தக் காலப் பெயிண்டின் வெள்ளை நிறமே ஈயம். பிற்பாடு வந்த எனாமலிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்கு ஈயச் சேர்மங்கள் நம் நாட்டில் நீண்ட காலம் தாராளமாகச் சேர்ந்து வந்தன. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எந்தக் கோட்டையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயதில்தான் ஆபத்து அதிகம். கர்ப்பிணிப் பெண்களுக்கும் அப்படியே. பெங்களூரில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1990-களின் இறுதியில் பெருநகரக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை அளந்து பார்த்தது. அதன் பிறகு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் ஈய நச்சுக்கான தேசிய மையத்தை நடத்தி, இந்தச் செய்தியை நாடெங்கும் கொண்டுபோனார். நம் ஊரிலிருந்து இரண்டரை மணி நேர ரயில் தூரத்தில் நடந்த வேலை அது. ஆனாலும் கதவைத் தேய்க்கும்போது பக்கத்தில் குழந்தை விளையாடுவதை இன்னும் பார்க்கிறோம்.

செய்ய வேண்டியது இது. அந்தக் கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், தூள் பறக்காமல் கூழாக வரும். அந்தக் கூழைத் துணியால் வழித்து, விரிப்போடு சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெருக்கி வாசலில் தள்ள வேண்டாம். மூக்குக்கும் வாய்க்கும் துணி போதாது, வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். முடித்ததும் குளித்து உடையைத் தனியாகத் துவையுங்கள். தீப்பந்தம், ஹாட் ஏர் கன் வைத்துச் சூடாக்கி உரிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் புகையே நஞ்சு.

உண்மையில் பழைய பெயிண்ட் உரியாமல் இறுக்கமாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். ஈரம் தொட்டு மேலோட்டமாகச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பிரைமரும் எனாமலும் அடியுங்கள். ஈயம் அடியில் மூடப்பட்டு அங்கேயே இருக்கும். உரிந்த இடத்தில் மட்டும் மரம் வரை எடுத்து, வெறும் மரத்துக்கு நீர்த்த எண்ணெய் ஒரு கோட் கொடுத்து, இரண்டு வாரம் விட்டுப் பிரைமர் அடியுங்கள்.

நிலைவாசலும் இஞ்சின் ஆயிலும்

தலைவாசல் நிலைக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்த மஞ்சளோடு விளக்கு எண்ணெயும் சேர்ந்து வருடக்கணக்கில் ஊறியிருக்கும். இப்போது அங்கே மஞ்சள் எனாமல் அடித்துச் சிவப்புப் பொட்டு வைத்துவிடுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் அது செதில் செதிலாகப் பெயரும். அடியில் இருப்பது நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய், அவை காயவே காயாதவை. அதை எடுக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் இதே கதைதான்.

எடுக்க வழி உண்டு. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தேக்கு, வேங்கை என்றால் சோடா பட்டு மரம் கறுக்கும். பெயிண்ட் அடிக்கப் போகும் மரத்துக்கு அதனால் கேடில்லை. நல்ல தண்ணீரால் பல முறை கழுவிச் சோடாவைப் போக்கிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சாக் பவுடரை டர்பன்டைனில் களிபோல் குழைத்துக் கனமாக அப்பி, ஓர் இரவு விடுங்கள். டர்பன்டைன் உள்ளே போய் எண்ணெயை இளக்கும், அதை வெளியே இழுத்துப் பொடி குடித்துக்கொள்ளும். காலையில் பொடி மஞ்சள் பூத்திருக்கும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்புங்கள். பொடி வெள்ளையாகவே உதிரும் வரை இதைத் தொடர வேண்டும். பிறகு அரக்கு இரண்டு கோட், பிரைமர், எனாமல்.

இத்தனையும் செய்யலாம். ஆனால் என்னைக் கேட்டால் நிலைவாசலுக்குப் பெயிண்டே வேண்டாம். வாரா வாரம் மஞ்சளும் எண்ணெயும் படும் மரம் அது, அப்படியே விட்டுவிடுங்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடியுங்கள்.

ஒர்க்‌ஷாப் பெஞ்சுப் பலகை, கிரீஸ் ஊறிய கட்டை, பழைய இஞ்சின் ஆயில் தடவிய வேலிக்கால், வெளிக்கழிவறைக் கதவு ஆகியவற்றுக்கு என் தீர்ப்பு இன்னும் கடுமையானது. பெட்ரோலிய எண்ணெய் எந்தக் காலத்திலும் இறுகாது, ஆழத்தில் போனதை வெளியே எடுக்கவும் முடியாது. அந்த மரத்தின் அழகைப் பற்றி யோசிக்காமல் அதே எண்ணெயிலேயே விட்டுவிடுங்கள், அல்லது பலகையை மாற்றுங்கள். புது மரத்துக்கு அந்த எண்ணெயைத் தடவவே தடவாதீர்கள். கையில் பட்டால் தோலுக்குக் கெடுதல், மண்ணில் சொட்டினால் கிணற்றுக்குக் கெடுதல். கறையான் வராது என்பதற்காகத்தான் பலர் தடவுகிறார்கள். கறையானுக்கு அதற்குரிய மருந்து தனியாக இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயும் கறையானைத் தடுக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்து கதவை மாட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். என்ன எண்ணெய் ஊட்டினீர்கள், எந்த மாதம், மேலே எந்தப் பிரைமர், எந்தப் பெயிண்ட் என்பதைக் கதவின் மேல்விளிம்பில் பென்சிலால் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கதவைத் தேய்க்க வருபவர், அது உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும், முதலில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கும்.